ஏழு வருட வண்டியும் டிக்கியில் கிடக்கும் கடப்பா கல்லும்

2018 ஏப்ரலில் வாங்கிய டீசல் வண்டி, ஏழு பேர் உட்காரலாம். இப்போது மீட்டர் 1,09,000 கிலோமீட்டர் காட்டுகிறது. கணவரின் வேலைக்காக அடிக்கடி திண்டுக்கல்லில் இருந்து கோவை, மாதம் ஒரு தடவை மதுரை, வருடத்துக்கு ஒரு முறை திருச்செந்தூர் என்று ஓடிய ஓட்டம்தான் பெரும்பகுதி. அதில் வண்டி எங்களை ஒரு நாளும் நடுரோட்டில் நிறுத்தியதில்லை. அதன் பலமும் பலவீனமும் உண்மையாகத் தெரிந்தது 2024 டிசம்பரில். அரையாண்டு விடுமுறையோடு மூன்று நாள் லீவு சேர்த்து, ஆறு பேர் மகாராஷ்டிராவில் உள்ள எல்லோரா வரை போய்த் திரும்பினோம். 12 நாள், 3,412 கிலோமீட்டர். அதனால் இந்த அனுபவத்தை அந்தப் பயணத்தின் வழியாகவே எழுதுகிறேன். வண்டியின் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்லப்போவது இந்த அளவுள்ள எந்த வண்டிக்கும் பொருந்தும்.

ஆறு பேர் என்றால் நானும் கணவரும், 13 வயது மகள், 8 வயது மகன், என் அப்பா, என் மாமியார். ஓட்டுவது நானும் அவரும் மாறி மாறி. கடைசி வரிசையில் பாதியை மடக்கிப் பெட்டிகளை வைத்தோம், மீதிப் பாதி மகனுக்கு. பெரியவர்கள் அந்தக் கடைசி சீட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. முழங்கால் நெஞ்சுக்கு வருகிறது. ஏழு சீட்டர் என்று சொல்லி விற்கிறார்கள், ஆனால் நீண்ட தூரத்துக்கு அது ஐந்து பெரியவர்கள், ஒரு குழந்தை, கொஞ்சம் சாமான். அவ்வளவுதான் கணக்கு.

முதல் நாளே ஒரு தவறு செய்தோம். அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி, கரூர், சேலம், ஓசூர் வழியாக பெங்களூரைத் தாண்டி ஆந்திராவில் உள்ள லேபாக்‌ஷி வரை ஒரே மூச்சாகப் போனோம். கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். வண்டிக்கு அது ஒன்றுமில்லை. மாமியார் இறங்கியபோது இரண்டு காலும் வீங்கியிருந்தன. கோயிலில் தரையை முழுதாகத் தொடாத அந்தத் தூணுக்கு அடியில் எல்லோரும் துணியை விட்டு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசையாக வந்தவர் குனிய முடியாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய துண்டை வாங்கி என் மகள்தான் அடியில் விட்டு எடுத்துக் கொடுத்தாள். அன்றிரவு ஒரு நாளைக்கு 350 கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். திரும்பும் வழியில் இரண்டு நாள் தவிர அதைக் காப்பாற்றினோம். வீக்கம் மறுபடி வரவில்லை.

மறுநாள் காலை டோல்கேட்டில் எங்கள் ஃபாஸ்டேக் வேலை செய்யவில்லை. கேஒய்சி புதுப்பிக்காததால் முடக்கப்பட்டிருக்கிறது, உள்ளே பணம் இருந்தும் பயனில்லை. ரொக்கமாக இரட்டிப்புக் கட்டணம் கட்டினோம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பணம் இருக்கிறதா என்பதோடு டேக் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அனந்தபூர் பக்கம் ஒரு சந்திப்பில் போக்குவரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். விபத்தோ என்று பயந்தோம். காற்றாலை இறக்கை ஒன்று வந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு இறக்கை, ஒரு தெருவே நகர்ந்து வருவது போல. முன்னால் லாரியை ஒருவர் ஓட்ட, பின்சக்கரங்களைத் திருப்புவதற்குத் தனியாக இன்னொருவர். ஆரல்வாய்மொழியில் காற்றாலை சுற்றுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம், அது தரையில் படுத்துக்கொண்டு நம் பக்கத்தில் போகும்போதுதான் அளவு புரிகிறது. மகன் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, அது கடந்து முடியும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி இந்தப் பயணத்தில் நான் அதிகம் நினைத்துப் பார்க்கும் இடம். தாடிபத்திரியில் இருந்து பேலம் குகைக்கு 30 கிலோமீட்டர்தான். சாலையின் இரண்டு பக்கமும் கருங்கரும் பலகைக் கற்களை அடுக்கடுக்காகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். வீட்டுச் சுவர், வயல் வரப்பு, மாட்டுத் தொட்டி என்று கண்ணில் படும் எல்லாமே அந்தக் கல்தான். மாமியார் திடீரென்று, "ஏம்மா, இது நம்ம அடுப்படி அலமாரிக் கல்லுல்ல?" என்று கேட்டார். ஆமாம், கடப்பா கல். நாற்பது வருடமாக அவர் உப்பு ஜாடியும் புளிப்பானையும் வைத்து எடுக்கும் அந்தக் கல்லின் ஊருக்கு வந்திருக்கிறோம். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு கல்லைக் கையால் தடவிப் பார்த்தார்.

மறுபடி கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கல் லாரிக்கு வழி விட மண்ணில் இறங்கியபோது இடது பின் டயர் சத்தத்தோடு உட்கார்ந்தது. உடைந்த பலகைச் சில் ஒன்று கத்தி மாதிரி நின்றிருக்கிறது, டயரின் பக்கவாட்டை இரண்டு அங்குல நீளத்துக்குக் கிழித்துவிட்டது. ரோட்டில் படும், பட்டன் உள்ள பகுதியில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கவாட்டுக் கிழிசலை ஒட்டக் கூடாது, டயர் மாற்றுவது ஒன்றே வழி.

எங்கள் வண்டியின் பெரிய குறை அங்கேதான் தெரிந்தது. ஸ்டெப்னி வண்டியின் வயிற்றுக்கு அடியில் தொங்குகிறது. அதை இறக்கும் ஓட்டை டிக்கிக்குள், பெட்டிகளுக்குக் கீழே. எல்லாச் சாமானையும் ரோட்டோரம் இறக்கி வைத்தோம். கம்பியைச் சுற்றினால் அசையவே இல்லை, துரு. ஆறரை வருடத்தில் ஒரு தடவைகூட நாங்கள் அதை இறக்கிப் பார்த்ததில்லை. கோவைச் சாலையில் வந்த பஞ்சரை எல்லாம் கடைக்காரர்களே ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

எதிரே கல் அறுக்கும் கொட்டகையில் இருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்குத் தெலுங்கு கொஞ்சம் காதில் விழுந்த அளவு. ஒருவர் அறுப்பு இயந்திரத்துக்குப் போடும் எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றி, பத்து நிமிடம் பொறுத்துக் கம்பியை அசைத்து இறக்கினார். ஜாக்கி மண்ணில் புதைந்தது. இன்னொருவர் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பலகைக் கல்லை எடுத்து வந்து அடியில் கொடுத்தார், வண்டி அலுங்காமல் எழுந்தது. பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. அப்பா வற்புறுத்திய பிறகு, பக்கத்துக் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கித் தர ஒத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது அந்தக் கல்லையும் டிக்கியில் வைத்துவிட்டு, வைத்துக்கொள்ளுங்கள் என்று கை காட்டினார்கள்.

ஸ்டெப்னியில் மெதுவாகத் தாடிபத்திரிக்கே திரும்பினோம். டயர் கடைக்காரர் கிழிந்த டயரைப் புரட்டி, பக்கவாட்டில் இருந்த நான்கு எண்களைக் காட்டினார். 2319. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருடம். அதாவது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். நாங்கள் அதை வாங்கியது 2021-இல். இரண்டு வருடம் கடையில் கிடந்த டயரைப் புதுசு என்று வாங்கி மாட்டியிருக்கிறோம். பட்டன் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பக்கவாட்டு ரப்பர் முழுக்கச் சிறு சிறு வெடிப்புகள். இன்னொன்றையும் அவர் சொன்னார். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில், ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு காற்று, முழுப் பாரத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறது. எங்களுக்கு 33, 36. ஆறு பேரும் ஆறு பெட்டியும் ஏற்றிக்கொண்டு நாங்கள் 33-இல் வந்திருக்கிறோம். காற்று குறைந்த டயரின் பக்கவாட்டு பிதுங்கி நிற்கும், கல் கிழிப்பதற்கு அது இன்னும் சுலபம்.

பின்பக்கம் இரண்டு டயரையும் சேர்த்து மாற்றினோம். அரை நாள் போனது. அன்றைக்குப் பார்க்க வேண்டிய பேலம் குகைக்கு மறுநாள் போனோம். குகை 3 கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதில் பாதி அளவுக்குத்தான் பார்வையாளர்களை விடுகிறார்கள். உள்ளே புழுக்கம், வியர்த்துக் கொட்டும், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் யோசித்துப் போகவும். சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் அரித்து அரித்து உண்டான வழி அது. சுவரில் கை வைத்தபோது அதே கறுப்பு, அதே குளிர்ச்சி. முந்தின நாள் மாமியார் ஏன் அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தார் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

கண்டிக்கோட்டை, ஹம்பி, பாதாமி பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வண்டிக்கு ஒரு தொந்தரவும் இல்லை. விஜயபுராவில் பெரிய குவிமாடக் கல்லறையான கோல் கும்பஸின் மாடிக்குப் பிள்ளைகள் மட்டும் ஏறி, சுவரோரம் கிசுகிசுத்தது எதிர்ப்பக்கம் கேட்கிறது என்று மூச்சிரைக்க வந்து சொன்னார்கள்.

சோலாப்பூர் போகும் வழியில்தான் எனக்கு உயிர் போய் வந்தது. மாலை ஆறே முக்கால் இருக்கும், நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் டிசம்பர் என்றால் கரும்பு வெட்டும் காலம். ஒரு டிராக்டரின் பின்னால் இரண்டு டிரெய்லர், இரண்டிலும் சாலையின் முக்கால் அகலத்துக்குக் கரும்பு. பின்னால் சிவப்பு விளக்கும் கிடையாது, ஒளிரும் பட்டையும் கிடையாது. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணைக் கூச, அது விலகிய நொடியில் கரும்புத் தோகை என் கண்ணாடிக்கு முன்னால் இருந்தது. முழு பிரேக். வண்டி நேராக நின்றது, புது டயருக்கு நன்றி. ஆனால் கடைசி வரிசையில் மகன் பக்கத்தில் வைத்திருந்த எவர்சில்வர் தண்ணீர் கேன் பறந்து வந்து நடு சீட்டின் முதுகில் மோதியது. ஒரு அடி தள்ளியிருந்தால் என் மகள் தலையில் பட்டிருக்கும். ஓரம் நிறுத்தினேன், கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது. மறுநாள் காலை சோலாப்பூரில் முதல் வேலையாகச் சாமான் கட்டும் வலை வாங்கினோம். அப்புறம் சூரியன் மறைந்த பிறகு வண்டியைத் தொடவே இல்லை. எங்கள் வண்டியின் ஹெட்லைட் சுமார்தான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

லோனாரில் விண்கல் விழுந்து உண்டான பள்ளம் கிட்டத்தட்ட 1.8 கிலோமீட்டர் அகலம். விளிம்பில் நின்று விடியலில் பார்த்தால், அடியில் பச்சையாக ஏரி. 2020 ஜூனில் இந்த ஏரிதான் இளஞ்சிவப்பாக மாறியது. உப்பை விரும்பும் நுண்ணுயிர்களே காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். பார்த்துவிட்டு வந்தால் கார் கதவு திறக்கவில்லை. சாவிக்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. திண்டுக்கல் மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டேன். "அக்கா, சாவிக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி இருக்கும், இழுங்க. கதவைத் திறந்துட்டு, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேலயே ஒட்டி வச்சு அழுத்துங்க" என்றார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. ஊருக்குள் ஒரு வாட்ச் கடையில் வட்ட பேட்டரி கிடைத்தது. எல்லா வண்டியிலும் இதே முறை இருக்காது, உங்கள் வண்டியில் எப்படி என்று வீட்டு வாசலிலேயே ஒரு தடவை செய்து பாருங்கள்.

அன்றைக்கு ஜால்னா போகும் வழியில் மீட்டர் ஒரு லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இருவரும் முன்னால் எட்டிப் பார்த்தபடி எண்ணிக்கொண்டே வந்தார்கள். 99,996-இல் நின்றுவிட்டோம். சாலை முழுக்க ஆடுகள். நூற்றுக்கணக்கில் இருக்கும். நடுவே குதிரைகள், அவற்றின் முதுகில் சட்டி பானை, கயிற்றுக் கட்டில், இரண்டு பக்கமும் தொங்கிய பைகளில் இருந்து எட்டிப் பார்க்கும் ஆட்டுக்குட்டிகள். ஒரு குடும்பமே வீட்டைத் தூக்கிக்கொண்டு நடந்துபோகிறது. சின்ன வயதில் கிடை போட வரும் கீதாரிகளைப் பார்த்து வளர்ந்தவர் என் அப்பா. இறங்கி நின்று, கடைசி ஆடு போகும் வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். திரும்ப ஏறியபோது, "எங்க போனாலும் ஆட்டுக்காரன் நடை ஒரே நடைதான்" என்றார். அரை மணி நேரம் கழித்து மீட்டர் ஆறு இலக்கத்துக்கு மாறியபோது எல்லோரும் கை தட்டினோம்.

எல்லோராவைப் பார்த்துவிட்டு கோலாப்பூர், ஹூப்ளி வழியாகத் திரும்பினோம். தருமபுரிக்குக் கீழே தொப்பூர் இறக்கத்தில் கணவர் மூன்றாவது கியரிலேயே இறங்கினார். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறவர்கள் தயவுசெய்து செய்யாதீர்கள், பிரேக் சூடேறினால் பிடிக்காது.

மொத்தம் 221 லிட்டர் டீசல், லிட்டருக்கு 15.4 கிலோமீட்டர். ஏசி நடு வரிசை வரை நன்றாக வந்தது, கடைசி வரிசைக்குப் போதவில்லை. சஸ்பென்ஷன், கிளட்ச், எஞ்சின் மூன்றிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. திரும்பி வந்ததும் முன் டயர் இரண்டையும் மாற்றினோம், எண்ணைப் படித்துப் பார்த்துத்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்டெப்னியை இறக்கிக் கம்பிக்கு கிரீஸ் வைக்கிறோம்.

போன மாதம் பழனி போகும் வழியில் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பஞ்சர். மழை பெய்த ஈர மண். மகன் தானாகவே டிக்கியைத் திறந்து, சாக்கில் சுற்றி வைத்திருந்த அந்தக் கல்லை எடுத்துவந்து ஜாக்கிக்கு அடியில் வைத்தான்.