ஆடிக் காற்றில் கயாக், சேற்றில் ஜீப்: 18,600 ரூபாய் போனது. செட்டிநாட்டிலிருந்து கடற்கரைச் சுற்றுலா போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

ஒன்பது நாளாகிறது. 18,600 ரூபாய். தலைக்கு 4,650 வீதம் நான்கு பேருக்கு. ஒரு பைசா திரும்பவில்லை, தப்பு எங்கள் பக்கம்தான் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இனியும் பொறுத்திருக்க மனசில்லை, எழுதிவிடுகிறேன்.

காரைக்குடிப் பக்கம் பழைய நகரத்தார் வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக்கியிருக்கிறார்கள். அந்த முகப்பில் ஒரு சுற்றுலா மேசை. முன்பணம் ஒரு ஆன்லைன் முன்பதிவுச் செயலி வழியாக. இரண்டின் பெயரையும் இங்கே போடவில்லை, புகார் போயிருக்கிறது.

அவர்கள் விற்றது இதுதான்: விடிகாலை ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காடு அலையாத்திக் காட்டில் இரண்டு மணி நேரம் வழிகாட்டியோடு கயாக். பிறகு தனுஷ்கோடி மணலில் நான்கு சக்கர இழுவை ஜீப்பில் கடற்கரைச் சவாரி. வழியில் பூநாரைக் கூட்டம், பங்குனி ஆமை, அதிர்ஷ்டம் இருந்தால் கடற்பசு. மதியச் சாப்பாடு உட்பட எல்லாம் ஒரே நாளில், அதுவும் ஆடி மாதத்தில்.

இந்தக் கடலைத் தெரிந்தவர்களுக்குப் பட்டியலைப் படித்ததுமே உறுத்தும். பூநாரைகள் கூட்டமாக இறங்குவது பனிக்காலத்தில். பங்குனி ஆமை கரையேறி முட்டையிடுவது தை தொடங்கிப் பங்குனி வாக்கில், பெயரிலேயே மாதம் இருக்கிறது. ஆடியில் இரண்டும் கிடையாது. காரங்காட்டிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். மூன்று பருவத்தையும் இரண்டு ஊரையும் ஒரு நாளில் அடைத்து விற்றிருக்கிறார்கள்.

பிறகு எப்படி நம்பினோம் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு சொல்லால்தான். மேசையில் இருந்தவரிடம் "ஆடிக் காத்துல கயாக் எப்படிப்பா?" என்று கேட்டதும் யோசிக்காமல் பதில் வந்தது: "கச்சான் ஒம்பது மணிக்கு மேலதான் எழும்பும்ணே. அதுக்குள்ள ஓடைக்குள்ளயே சுத்திக் காட்டிக் கரையேத்திருவோம். அலையாத்தி காத்தை மறிச்சிரும்." கச்சான் என்பது மேற்குக் காற்றுக்கு மீனவர்கள் சொல்லும் பெயர், அந்தச் சொல் வெளியூர் ஏஜெண்ட் வாயில் வராது. காலையில் காற்று தணிந்திருக்கும் என்பதும் உண்மை, அலையாத்தி ஓடைக்குள் காற்று மட்டுப்படும் என்பதும் உண்மை. பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளையும் நீட்டினார். வனத்துறை அனுமதி என்றார். வட்ட முத்திரை இருந்தது. தேதியைப் பார்க்கவில்லை. அங்கேதான் தவறு நடந்தது. 9,300 செயலியில், மீதி 9,300 முதல் நாள் சாயங்காலம் யுபிஐயில். அந்த யுபிஐ கணக்கில் நிறுவனத்தின் பெயர் இல்லை, ஒரு தனி ஆளின் பெயர்தான் இருந்தது. அதையும் பார்த்தும் அனுப்பினோம்.

அவர் காட்டிய ஆல்பத்தில் கடற்பசு என்று ஒரு படம். வால் தட்டுத் துடுப்புபோல வட்டமாக இருந்தது. நம் பாக் விரிகுடாவில் மேயும் கடற்பசுவுக்கு, மீனவர்கள் ஆவுளியா என்பார்களே, வால் ஓங்கிலை (டால்பினை)ப்போல இரண்டாகப் பிளந்திருக்கும். வட்ட வால் உள்ளது மானட்டி. அது நம் நாட்டுக் கடலிலேயே இல்லாத பிராணி. வீட்டுக்கு வந்து செல்போனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக 2022இல் அறிவித்திருக்கிறார்கள். அங்கேயே அது கலங்கல் தண்ணீரில் கடற்புல் மேய்ந்துவிட்டு, மூச்சுக்குச் சில விநாடி மட்டும் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். அதைக் காட்டுகிறேன் என்று காசு வாங்குகிறவர் பொய்தான் சொல்கிறார்.

வண்டி அதிகாலை 4:30க்கு வரவேண்டும். வந்தது 7:40க்கு. ஏறும்போதே ஓட்டுநர், "அண்ணே, ஏறியாச்சுன்னு காட்டணும், ஓடிபி சொல்லுங்க" என்றார். சொன்னோம். அது ஏறியதற்கான எண் இல்லை, பயணம் முடிந்ததற்கான எண். அந்த நிமிடமே செயலியில் "சேவை நிறைவடைந்தது" என்று விழுந்துவிட்டது, முன்பணம் 9,300 அவர்கள் கைக்குப் போய்விட்டது. காரைக்குடி எல்லையைக்கூட நாங்கள் தாண்டவில்லை.

தேவகோட்டை, திருவாடானை, தொண்டி. பத்து மணியை நெருங்கும்போது தொண்டிக்குத் தெற்கே ஒரு மீனவக் கரையில் நிறுத்தினார். காரங்காட்டில் இன்று கூட்டம், இங்கேயே அதைவிட நன்றாக இருக்கும் என்றார். காரங்காட்டில் படகும் கயாக்கும் வனத்துறை ஊர்க்காரர்களை வைத்து நடத்துவது. இவர்களுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, முன்பதிவே செய்யவில்லை. ஆகக் காற்றை மறிக்கும் ஓடையும் இல்லை, அலையாத்தியும் இல்லை. எதிரே திறந்த கடல்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். தொண்டிக் கரை கிழக்கு பார்த்தது. கச்சான் மேற்கிலிருந்து வருவது. அதாவது காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கரையோரத்தில் தண்ணீர் குளம்போல அசையாமல் கிடக்கும், அலையே இல்லையே என்று தோன்றும். காற்று வேகம் பிடிப்பது கரையை விட்டு நூறு, இருநூறு மீட்டர் தள்ளி. அங்கே அலைத்தலையில் வெள்ளை உடைந்தாலும், காற்றுக்கு முதுகு காட்டிக் கரையில் நிற்கிறவருக்கு அது சரியாகத் தெரியாது. போகும்போது துடுப்பே போடாமல் கயாக் தானாக ஓடும். திரும்பும்போதுதான் முழுக் காற்றும் முகத்தில். புதியவர்களுக்குக் காற்று மணிக்கு 18 கிலோமீட்டரைத் தாண்டினாலே கயாக்கை இறக்கக் கூடாது, கரையிலிருந்து அடிக்கும் காற்றென்றால் அதற்கும் முன்பே நிறுத்திவிட வேண்டும். வழிகாட்டி என்று வந்த பையனுக்கு இது தெரியவில்லை. அவனுக்கென்று ஒரு கயாக்கும் இல்லை. செல்போனோடு கரையில் நின்றான்.

முதல் இணையாக மச்சானும் அவர் மகளும் போனார்கள். பிள்ளைக்குப் பதினைந்து வயது. லைஃப் ஜாக்கெட்டின் ஒரு கொக்கி உடைந்து, நைலான் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினேன், பிள்ளையின் காது வரை ஏறியது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும், ஆள் கீழே நழுவிவிடுவாள். "இது பெருசு, வேற குடுப்பா" என்றால், "இடுப்பளவு தண்ணிதாண்ணே" என்கிறான். ஆழமில்லாத கடல்தான். ஆனால் அடியில் மணல் இல்லை, சேறு. கால் முழங்கால்வரை புதையும், நடந்து கரைக்கு வர முடியாது. சேற்றில் திருக்கை படுத்திருக்கும், மிதித்தால் வால் முள்ளைப் பாய்ச்சும். கயிற்றை நானே இறுக்கிக் கட்டி அனுப்பினேன். அனுப்பியே இருக்கக் கூடாது.

இருநூறு மீட்டர் போவதற்குள் பின்பக்கம் தாழ்ந்தது. திருப்பப் பார்க்கிறார்கள், திரும்பவில்லை. மச்சான் கையிலிருந்த துடுப்பு இரண்டு துண்டாகச் சேர்ப்பது. இணைப்பில் இருக்கும் அமுக்குப் பொத்தான் துருப்பிடித்து உள்ளேயே தங்கிவிட்டது, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். எதிர்காற்றில் அழுத்திப் போட்டதும் டேப் வழுக்கி, ஒரு பக்கத்துத் துடுப்புத் தட்டு திரும்பிவிட்டது. அதற்கப்புறம் தண்ணீரைத் தள்ளாமல் கிழித்துக்கொண்டு போகிறது. விசில் இல்லை, இழுத்துவரக் கயிறு இல்லை, வேறு படகு இல்லை. வலை எடுத்துவிட்டு வந்த வள்ளத்துக்காரர் ஒருவர்தான் பார்த்துவிட்டுக் கயிறு போட்டு இழுத்துவந்தார். கரைக்கு வந்து அவர் கேட்டது: "கச்சான்ல யாருய்யா புள்ளைய இதுல ஏத்தி விட்டது?" அந்தப் பையனிடம் பதில் இல்லை. வள்ளத்துக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கயாக்கைக் கவிழ்த்துப் பார்த்தேன். மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை, ஓடைக்கும் ஏரிக்கும் ஆகும். வயிறு முழுக்க வெற்றிடம், அதற்குள் இருக்கும் காற்றுதான் மிதக்க வைக்கிறது. பின்முனையில் வடிகால் மூடி இருக்க வேண்டிய இடத்தில் மூடி இல்லை. பால் பாக்கெட் உறையைச் சுருட்டித் திணித்திருந்தது, நீல எழுத்து பாதி வெளியே தெரிந்தது. அடியில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல், அதன்மேல் இரண்டு குழம்பைக் கலந்து ஒட்டும் எபாக்ஸிப் பசையைப் பிசைந்து அப்பி, பாதி பெயர்ந்து கிடந்தது. வளையும் பிளாஸ்டிக்கில் அந்தப் பசை நிற்காது, வெப்பம் கொடுத்து அதே பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்ட வேண்டும். உள்ளே 40 லிட்டர் புகுந்தால் 40 கிலோ, அதுவும் ஒரே இடத்தில் நிற்காமல் சாய்கிற பக்கமெல்லாம் ஓடும் 40 கிலோ. கவிழாமல் வந்ததே பெரிது. உறையை உருவியதும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. நான்கு படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அதோடு விட்டுத் திரும்பியிருக்கலாம். "ஜீப் சவாரியாவது முடிச்சுட்டுப் போலாம்ணே" என்று அதே கரையில் வண்டியை இறக்கினார் ஓட்டுநர். நான்கு சக்கர இழுவை என்று விற்றார்கள், வந்தது பின்சக்கர இழுவை மட்டும் உள்ள சாதாரண வண்டி. டயரில் தார்ச்சாலைக்கான காற்றே இருந்தது. மணலில் இறங்குமுன் 16 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்க வேண்டும். அப்போதுதான் டயர் நீளவாக்கில் படிந்து பாரத்தைப் பரப்பும். இவரிடம் காற்றளவு பார்க்கும் மீட்டர் இல்லை, திரும்ப அடிக்கப் பம்பு இல்லை, மண்வெட்டி இல்லை. ஈரமாக இருப்பது இறுகிய மணல் என்று நினைத்து நீர்க்கோட்டுக்கு ஓட்டினார். பாக் விரிகுடாக் கரையில் அந்த ஈரத்துக்கு அடியில் சேறு. சக்கரம் சிக்கியதும் ஆக்சிலேட்டரை மிதித்தார். அதைத்தான் செய்யவே கூடாது. சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டி அச்சுவரை இறங்கிவிட்டது. காற்றை இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் சேற்றைச் சரித்து, தென்னை மட்டை போட்டு, இரண்டாம் கியரில் மெதுவாக நகர்த்தியிருந்தால் ஒருவேளை வந்திருக்கும். டிராக்டர் வரச் சாயங்காலம் நாலு மணி. அதற்கு 1,500 ரூபாயும் எங்கள் கையிலிருந்தே வாங்கினார், "ஆபீஸ்ல குடுத்துருவாங்க" என்று. தனுஷ்கோடி வரவே இல்லை, சாப்பாடும் வரவில்லை.

தனுஷ்கோடி போயிருந்தாலும் மணலில் வண்டி ஓட்டக் கேட்காதீர்கள். அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை இருக்கிறது. 2025 ஜூனில் அந்தப் பகுதியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்துவிட்டது. ஆமை முட்டையிடும் மாதங்களில் மணலுக்கடியில் கூடு இருப்பது மேலிருந்து தெரியாது. குஞ்சு பொரித்து வந்தால் டயர்த் தடத்துப் பள்ளத்தில் விழுந்து கடலுக்குப் போக வழி தெரியாமல் காய்ந்து சாகும். இதைக் காட்டுயிர்ச் சுற்றுலா என்று விற்கிறார்கள்.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. முதல் நாள் மேசைக்காரர்: "டிரைவர்கிட்டக் கேட்டுச் சொல்றேண்ணே." மூன்றாம் நாள்: "நாங்க ஆளைக் காட்டிவிடுறதோட சரி, வண்டி வேற ஆளோடது." 9,300 ரூபாய் போன யுபிஐ கணக்கு யாருடையது என்றால், "அவரு இப்ப ஊர்ல இல்ல." விடுதியில் கேட்டால், மேசைக்கு வாடகைக்கு இடம் கொடுத்ததோடு தங்கள் வேலை முடிந்தது என்கிறார்கள். செயலியில் புகார் போட்டால் நாலு மணி நேரத்தில் மூடிவிடுகிறார்கள், சேவை நிறைவடைந்துவிட்டதாம், ஓடிபி கொடுத்தது நாங்களாம். இரண்டாவது புகாருக்கு, காற்று இயற்கைக் காரணம், பணம் திரும்பாது என்று பதில். மூன்றாவதற்கு அடுத்த பயணத்துக்கு 500 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன். 18,600க்கு 500, அதுவும் இன்னொரு முறை அவர்களிடமே போனால். வடிகால் ஓட்டையில் பால் உறை இருந்தது எந்த இயற்கைக் காரணம்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று முழுசாக எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும். காரங்காட்டுக்குப் போவதென்றால் வனத்துறையிடமே நேராகப் பதிவு செய்யுங்கள், இடையில் ஆள் வேண்டாம். ஏறும்போது ஓடிபி கேட்டால் குறுஞ்செய்தியை முழுக்கப் படியுங்கள். தனி ஆள் பெயருள்ள யுபிஐக்கு அனுப்பாதீர்கள். கயாக்கைத் தண்ணீரில் இறக்குமுன் கவிழ்த்துப் பாருங்கள், தூக்கி ஆட்டி உள்ளே தண்ணீர் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். ஜாக்கெட்டின் தோளைத் தூக்கிப் பாருங்கள். வழிகாட்டி கூடவே கயாக்கில் வரவில்லை என்றால் இறங்காதீர்கள். ஆடியில் பாக் விரிகுடாவில் திறந்த கடல் வேண்டவே வேண்டாம். கடலில் மாட்டிக்கொண்டால் 1554 கடலோரக் காவல்படை, 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமம். இரண்டையும் இப்போதே செல்போனில் பதிந்து வையுங்கள்.

பணம் போனவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். நான் 1915இல் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் 18,600 ரூபாயும் டிராக்டருக்குக் கொடுத்த 1,500ம் வராவிட்டால், சிவகங்கை ஆணையத்தில் மனு. நான்கு படம், யுபிஐ ரசீது, காலை 7:43க்கு வந்த ஓடிபி குறுஞ்செய்தி எல்லாம் அச்செடுத்துக் கோப்பில் வைத்தாகிவிட்டது. அந்தப் பால் உறையையும் தூக்கிப் போடவில்லை.