பெடலோடு பதிவதா, வெறும் கிட்டாரைப் பதிந்து பிறகு பெடலுக்கு அனுப்புவதா?

எலெக்ட்ரிக் கிட்டாரை வீட்டில் பதிகிறவர்களுக்கு இரண்டு வழி. கிட்டார், பெடல் (ஒலியை மாற்றும் காலடிப் பெட்டி), இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் பெட்டி) என்று நேராகப் போய் எஃபெக்டோடு பதிந்துவிடலாம். இல்லையென்றால் வெறும் கிட்டாரைப் பதிந்து வைத்துக்கொண்டு, பிறகு அதை ரீஆம்ப் பெட்டி (பதிந்த சிக்னலைக் கிட்டாரின் அளவுக்கு இறக்கித் தருவது) வழியாகப் பெடலுக்கு அனுப்பித் திரும்பப் பதியலாம். இரைச்சலை வைத்துப் பார்த்தால் நான் இரண்டாவது கட்சி, ஒலியை முரட்டுத்தனமாக உடைக்கும் ஃபஸ் பெடல் ஒன்றைத் தவிர.

நேராகப் பதியும்போது ஒலியைக் கரகரக்க வைக்கும் ஓவர்டிரைவ் பெடல் 30, 40 டெசிபெல் ஏற்றுகிறது என்றால், சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் ஒற்றைச் சுருள்) பிடித்துவரும் 50 ஹெர்ட்ஸ் மின்சார ஹம்மையும் சேர்த்துத்தான் ஏற்றுகிறது. அதோடு உச்சங்களை நசுக்கி, ஒலிக்கும் இரைச்சலுக்கும் இருந்த இடைவெளியையே சுருக்கிவிடுகிறது. அப்புறம் கேட் (ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனால் அடைத்துவிடும் கருவி) போட்டால் நோட்டின் வாலும் சேர்ந்து வெட்டுப்படும். வெறும் டிராக் கையில் இருந்தால் வாசிக்காத இடங்களை முதலிலேயே வெட்டி, முனைகளில் சின்ன ஃபேடு வைத்து அனுப்பலாம்; அந்த இடங்களில் மிஞ்சுவது பெடலின் சொந்த ஹிஸ் (‘உஸ்’ என்ற இரைச்சல்) மட்டும்தான். கூடுதலாக ஒரு முறை கன்வெர்ட்டருக்குள் (இன்டர்ஃபேஸில் சிக்னலை எண்ணாகவும் திரும்பச் சிக்னலாகவும் மாற்றும் பகுதி) போய்வருகிறதே என்று பயப்பட வேண்டாம், பெடலின் ஹிஸ் அதைவிட எவ்வளவோ மேலே இருக்கிறது.

ஆனால் அனுப்பும் லெவலில் கோட்டைவிட்டால் இந்த லாபம் எல்லாம் போய்விடும். 9 வோல்ட் பெடலுக்குள் சிக்னல் மேலும் கீழுமாக 9 வோல்ட்டுக்குள்தான் ஆட முடியும், கணக்குப்படி சுமார் +12 டிபியு (சிக்னலின் வோல்டேஜை டெசிபெலில் சொல்லும் அளவு), நிஜத்தில் அதற்கும் கீழே. ஸ்டூடியோ லைன் லெவலோ சராசரியே +4 டிபியு, அதாவது 1.23 வோல்ட், உச்சங்கள் அதற்கும் வெகு மேலே. நேராகச் செருகினால் க்ளிப்தான், அதாவது உச்சங்கள் வெட்டுப்பட்டு ஒலி உடையும். நான் ஆரம்பத்தில் மென்பொருளில் ஃபேடரை 30 டெசிபெல் இறக்கிப் பார்த்தேன். கிட்டார் இறங்கியது, இன்டர்ஃபேஸ் அவுட்டின் இரைச்சல் இறங்காமல் அப்படியே நின்றது, பெடல் இரண்டையும் சேர்த்து ஏற்றிக் கொடுத்தது. ஃபேடரை மேலேயே விட்டுவிட்டு ரீஆம்ப் பெட்டியின் குமிழில் குறையுங்கள், அந்த இரைச்சலும் கூடவே இறங்கும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டியாக இருந்தால், கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகிவிடுவதால் வரும் கிரவுண்ட் லூப் ஹம்மும் அறுந்துவிடும்.

குமிழை எங்கே நிறுத்துவது? பெடலை பைபாஸில் (எஃபெக்ட் இல்லாமல் சிக்னலைக் கடத்திவிடும் நிலையில்) வைத்து, கிட்டாரை நேராகச் செருகி ஒரு ரிஃப் வாசித்து, மீட்டரில் உச்சம் எங்கே தொடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், உதாரணமாக −14 டெசிபெல். இன்டர்ஃபேஸ் கெயினைத் தொடாமல், பதிந்த அதே ரிஃப்பை ரீஆம்ப் வழியாக ஓடவிட்டு அதே எண் வரும்வரை திருப்புங்கள்.

ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கவைக்கும் டேப் எக்கோ, அனலாக் டிலே என்றால் போட்டியே இல்லை, இரண்டாவது வழிதான். ரோலண்ட் ஆர்இ-201 மாதிரி ஒரு டேப் மெஷினில் ஹிஸ் எப்போதும் ஒரே அளவில் இருக்கும், அதனால் சிக்னலைத் திணறும் எல்லைவரை தள்ளியாக வேண்டும். எக்கோவை மட்டும் தனி டிராக்கில் பதிந்தால் மிக்ஸில் அதைக் குறைக்கும்போது ஹிஸ்ஸும் குறையும், மூல கிட்டார் சுத்தமாகவே இருக்கும்.

ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல்களின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் மின்தடை) மிகக் குறைவு, பிக்கப்பின் காயிலே அந்தச் சர்க்யூட்டின் ஒரு பகுதி மாதிரி வேலை செய்கிறது. சாதாரண ரீஆம்ப் பெட்டியில் அந்த உறவு கிடைக்காது, கிட்டார் வால்யூமைக் குறைத்தால் ஒலி தெளிகிற அந்த அழகும் போய்விடும். அதனால் அதை நேராகவே வாசித்துப் பதியுங்கள். பதியும் முன் நாற்காலியோடு மெதுவாகத் திரும்பிப் பாருங்கள், ஏதோ ஒரு கோணத்தில் ஹம் சட்டென்று அடங்கும், அந்தத் திசையிலேயே உட்கார்ந்து வாசியுங்கள்.