வால்நட்டோடு இரண்டு வருஷம்: எல்.டி.எல். இறங்கியது, சிக்கு வாடை போகவில்லை

ஆபீஸில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போன வாரம் தன் ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினார். எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 170. “அண்ணே, நீங்க நட்ஸ் சாப்பிட்டே குறைச்சீங்களாமே, நானும் வாங்கட்டுமா?” என்று கேட்டார். அவருக்கான பதில்தான் இது.

எனக்கு 162 இருந்தது. ஆறு மாசம் சாப்பாட்டைச் சரிசெய்து பார்ப்போம், இறங்காவிட்டால் மாத்திரை என்றார் டாக்டர். அன்றிலிருந்து தினமும் 30 கிராம். பாதாம் 12, மீதி எடைக்கு வால்நட். பத்து நாள் முன்பு எடுத்ததில் 146.

இதில் நட்ஸின் பங்கு எவ்வளவு என்று நியாயமாகப் பார்க்க வேண்டும். 25 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2010இல் வெளியான அலசலில், சராசரியாக தினம் 67 கிராம் சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். 7.4 சதவீதம் இறங்கியது. நான் அதில் பாதிகூடச் சாப்பிடாமல் 10 சதவீதம் இறங்கியிருக்கிறேன் என்றால், மிச்சம் நாலு மணி டீயோடு போய்க்கொண்டிருந்த மிக்சரையும் பக்கோடாவையும் விட்டதற்கான கூலி. முதல் மூன்று மாசம் மிக்சரையும் விடாமல் நட்ஸையும் தின்றேன். எடைதான் இரண்டு கிலோ ஏறியது. கொலஸ்ட்ராலுக்கு டாக்டர்கள் எழுதும் ஸ்டாடின் மாத்திரை பெரும்பாலும் 30 சதவீதத்துக்கு மேலேயே இறக்கும். அதனால், தம்பி, டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டால் அதை நிறுத்திவிட்டு பாதாமை மென்றுகொண்டிருக்காதே.

பாதாம் மேல் எனக்குப் புகாரே இல்லை. முந்திரியைச் சென்னையில் சர்க்கரை நோயாளிகள் 300 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். நல்ல கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடியது, எல்.டி.எல். அசையவில்லை. எங்கள் வீட்டில் முந்திரி எப்படியும் பாயசத்துக்குத்தான் போகும்.

வம்பெல்லாம் வால்நட்டில். அதன் கொழுப்பு இதயத்துக்கு எவ்வளவு நல்லதோ அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகிற வகை. காற்றும் வெயிலும் பட்டால் சிக்கு வாடை வந்துவிடும். மதுரை மே மாசத்தில், பிரித்த பாக்கெட் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. கடைக்காரரிடம் கொண்டுபோனேன். “சார், வால்நட்டுன்னா லேசா கசக்கத்தான் செய்யும்” என்றார். அது எனக்குத் தெரியாதா? மேல்தோல் துவர்ப்பு வேறு, பழைய தேங்காய் எண்ணெயைத் திறந்தது மாதிரி மூக்கில் ஏறுகிற வாடை வேறு. ஒரு பருப்பை எடுத்து இரண்டாக உடைத்து அவர் மூக்கருகே நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, “ஸ்டாக் அப்படி” என்றார். பணம் திரும்பி வரவில்லை.

சரி, ஃபிரிட்ஜில் வைப்போம் என்று வைத்தால் அங்கே வேறு கூத்து. வால்நட் பக்கத்தில் இருக்கிற வாசனையெல்லாம் இழுத்துக்கொள்ளும். மேல் தட்டில் வீட்டம்மா மல்லிகைச் சரத்தை வைத்திருந்தார், கீழே பூண்டு ஊறுகாய். மறுநாள் காலை வாயில் போட்டால் முதலில் மல்லிகை, மெல்ல மெல்ல பூண்டு. இப்போது இறுக்கமாக மூடுகிற எவர்சில்வர் டப்பாவில்தான் வைக்கிறேன்.

ஒரே ஒரு முறை நன்றாக அமைந்தது. காஷ்மீரில் அறுவடை செப்டம்பர், அக்டோபரில். அந்தப் புதுச் சரக்கு, ஓட்டோடு, தீபாவளி கழிந்து ஒரு கிலோ கிடைத்தது. குழவியால் லேசாகத் தட்டினால் போதும், ஓடு பிளந்து வெளுத்த பருப்பு முழுசாக விழும். பாலும் தேங்காயும் கலந்த மாதிரி ருசி. வால்நட் என்றால் இதுதானா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு மாசத்தில் தீர்ந்தது. அந்தக் கடையில் அப்புறம் வரவேயில்லை.

146 வந்த அன்றே இதை எழுதியிருந்தால் ஐந்துக்கு நாலரை போட்டிருப்பேன். நேற்று சாயங்காலம் புது பாக்கெட்டைப் பிரித்தேன், தேதி இன்னும் ஐந்து மாசம் இருக்கிறது, முதல் பருப்பே சிக்கு. ஐந்துக்கு ஒன்றரை. தம்பி, நீ பேசாமல் வறுத்த நிலக்கடலை வாங்கிக்கொள், உப்பு போடாதது.