கவச வாகனக் கணினிகள்: விக்டரி தரநிலையா, ஜிவிஏவா?

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்த ஆண்டுகளில், அமெரிக்கத் தரைப்படை தன் வாகனங்களில் ரேடியோ, எதிரியின் ரேடியோ அலைகளைத் தடுக்கும் ஜாமர், நம் படை எங்கே நிற்கிறது என்று காட்டும் கணினி என ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனது. ஒவ்வொரு கருவிக்கும் தனித் திரை, தனி கேபிள். சிலவற்றுக்குத் தனி ஜிபிஎஸ் ஆண்டெனாகூட உண்டு. உள்ளே உட்காரும் வீரர்களுக்கு இடம் குறைந்தது, பேட்டரிமேல் சுமை ஏறியது.

இதற்கு அமெரிக்கா கண்ட வழி, 2010-இல் தொடங்கிய விக்டரி தரநிலை. அதே காலத்தில் பிரிட்டன் டெஃப் ஸ்டான் 23-09 என்ற தரநிலை வழியாக ஜிவிஏவை (ஜெனரிக் வெஹிக்கிள் ஆர்க்கிடெக்சர், அதாவது வாகனங்களுக்கான பொதுக் கட்டமைப்பு) கொண்டுவந்தது. இரண்டும் வண்டிக்குள் ஒரு பொது ஈதர்நெட் வலையை விரித்து, எல்லாக் கருவிகளையும் அதில் இணைக்கச் சொல்கின்றன. அந்த வலையில் எப்படிப் பேசுவது என்பதில்தான் பிரிகிறார்கள்.

ஒரு ஜிபிஎஸ் தரவையே எடுத்துக்கொள்வோம். விக்டரியில் இருப்பிடத் தகவல் எக்ஸ்எம்எல் செய்தியாக வலையில் போகும். கருவியை நிர்வகிக்க வலைச்சேவை முறையில் அழைப்புகள், அதாவது இணையதளங்கள் பேசிக்கொள்வது போன்ற கேள்வி-பதில். எக்ஸ்எம்எல் எழுத்து வடிவில் இருப்பதால் கோளாறு தேடும் பொறியாளர் அதை அப்படியே வாசித்துவிடலாம். ஆனால் செய்தி பருமனாகும், பிரித்துப் படிக்கக் கணினிக்குக் கூடுதல் வேலை.

ஜிவிஏ டிடிஎஸ் என்ற இடைமென்பொருளை, அதாவது கருவிகளுக்கிடையே தரவைக் கொண்டுசேர்க்கும் மென்பொருளை, கட்டாயமாக்குகிறது. தரவு தருபவர் வெளியிடுவார், வேண்டியவர் சந்தா எடுப்பார். ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. தரவு குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் எச்சரிக்கவும், தாமதமாக இணைந்த கருவிக்குக் கடைசி மதிப்பைக் கொடுக்கவும் டிடிஎஸ்ஸிலேயே அமைப்புகள் உண்டு. துப்பாக்கிக் கோபுரம் போன்ற இடங்களில் இது சாதாரண வசதி அல்ல.

என் பார்வையில் ஜிவிஏவின் உண்மையான பலம் டிடிஎஸ்கூட இல்லை, அதன் தரவு மாதிரி. 'வேகம்' என்றால் எந்த அலகில், 'திசை' என்றால் எதிலிருந்து அளந்தது என்பதையெல்லாம் ஒரு மாதிரியில் வரையறுத்து, அதைப் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகமே தன் கையில் வைத்திருக்கிறது. நிரலின் இடைமுகப் பகுதி அந்த மாதிரியிலிருந்தே உருவாக்கப்படுகிறது. விற்பவர் மாறினாலும் பொருள் மாறாது. கருவி வாங்கும் எந்த அரசும் விட்டுக்கொடுக்கக் கூடாத உரிமை இது. அப்புறம், திரையைச் சுற்றிய பொத்தான்களின் அமைப்பையும் ஜிவிஏ சொல்கிறது. ஒரு வண்டியில் பழகியவர் இன்னொன்றில் திணற மாட்டார்.

சரி, விக்டரி எங்கே முந்துகிறது? பழைய வண்டிகளில். ஏற்கெனவே ஓடும் ஆயிரக்கணக்கான வாகனங்களில் முழுசாகப் பிரித்துக் கட்டாமல் கருவிகளைப் படிப்படியாக இணைக்க அது தோதானது. ஜிவிஏ, பிரிட்டனின் ஃபாக்ஸ்ஹவுண்ட் ரோந்து வாகனம் போலப் புதிதாக வடிவமைக்கும் வண்டிக்குத்தான் நன்றாகப் பொருந்தும். ஜிவிஏவின் தரவு மாதிரியின் இரு வேறு பதிப்புகளில் கட்டிய கருவிகள் தாமாக ஒத்துப்போகும் என்றும் நம்ப முடியாது. ஒப்பந்தத்திலேயே பதிப்பைக் குறிப்பிட்டு, சோதனையில் இணைத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

அமெரிக்கத் தரைப்படை இப்போது விக்டரியை சிமாஸ் என்ற பெரிய தரநிலைத் தொகுப்பின் ஓர் அங்கமாக்கி, ரேடியோவையே ஒரு பெட்டியில் செருகும் அட்டையாக மாற்றப் பார்க்கிறது. நேட்டோவோ ஜிவிஏவைத் தழுவி ஸ்டானாக் 4754 என்ற தன் தரநிலையை உருவாக்கியிருக்கிறது. பல நாட்டுப் படைகள் சேர்ந்து இயங்கும் இடத்தில், புதிய வண்டிக்கு நான் ஜிவிஏ பக்கமே நிற்பேன்.