குழாயடி ஈரத்துக்கு எந்தப் பூ: கல்வாழையா, அல்லியா, சௌகந்திகமா?

மதுரையில் வீடு கட்டினால் முதலில் வைப்பது மல்லிகைதான். ஆனால் வேரில் தண்ணீர் நின்றால் அதற்கு ஆகாது. துவைக்கிற கல்லை ஒட்டி எந்நேரமும் சொதசொதவென்று கிடக்கும் நாலடி இடத்தில் நான் ஊன்றிய இரண்டு பதியன்களும் மஞ்சளித்துப் போயின. அப்புறம்தான் ஈரம் கேட்கிற, ஒருமுறை வைத்தால் வருடக்கணக்கில் தழைக்கிற பூச்செடிகளைத் தேடினேன்.

அந்த இடத்துக்குப் பொருந்தியது கல்வாழை. வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தாவரப் படுகைகளில் வளர்க்கிற செடி அது; கொஞ்சம் சோப்புத் தண்ணீருக்கெல்லாம் அசராது. கத்திரி வெயிலிலும் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும். பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டினால் பக்கத்தில் புதிது கிளம்பும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கிழங்கைப் பிரித்து நட வேண்டும், இல்லையென்றால் நெருக்கியடித்துப் பூ சிறுத்துவிடும். தொல்லை என்றால் இலைசுருட்டுப் புழு. இலையைச் சுருட்டி உள்ளே உட்கார்ந்து தின்னும், விரித்துப் பார்த்து நசுக்குவதுதான் வழி. வாசம் கிடையாது. "தலையில வைக்க முடியாத பூ எதுக்குடா?" என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறார்.

அல்லி என்றதும் எல்லோரும் பயப்படுவது தண்ணீருக்கு. குடம் கணக்கில் தண்ணீர் பிடித்துவைக்கும் ஊரில் அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் ஓட்டையில்லாத இரண்டடித் தொட்டியில் ஆவியாகிற அளவை மட்டும் ஊற்றினால் போதும், கோடையில்கூட நாளைக்கு ஓரிரு சொம்புதான். தரையில் வைத்த செடிகள் இதைவிட அதிகம் குடிக்கும். அடியில் கண்மாய் வண்டலோ களிமண்ணோ போடுங்கள். தொழு உரத்தை அள்ளிப் போட்டால் தண்ணீர் பச்சையாகி நாறும். நல்ல வெயில் ஐந்தாறு மணி நேரம் வேண்டும், கொசுவுக்குக் கப்பி மீன் நாலு விட வேண்டும். சோப்புத் தண்ணீர் ஆகாது என்பதால் குழாயடிக்கு இது சரிவராது, மொட்டை மாடிக்குத்தான். இன்னொன்று, பாட்டுகளில் வரும் அல்லி நிலவில் மலரும். நர்சரியில் கிடைப்பவற்றில் பல காலையில் விரிந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும். எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பி இருட்டியபின் திரும்புகிறவர் ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கலாம்.

கல்யாண சௌகந்திகம் இஞ்சிக் குடும்பம், இமயமலைப் பக்கத்துச் செடி. வெள்ளைப் பூ பட்டாம்பூச்சி போல இருக்கும், ஒன்றிரண்டு நாளில் வாடிவிடும். சித்திரை வெயிலில் இலை ஓரம் கருகுகிறது. ஈரம் மட்டும் போதாது, நிழலும் வேண்டும்.

ஒன்றே ஒன்றுதான் வைக்க இடம் என்றால் கல்வாழை, யோசிக்கவே வேண்டாம். ஆனாலும் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒரு பழைய வாளியில் சௌகந்திகம் வைத்திருக்கிறேன். சாயங்காலம் அது மணக்க ஆரம்பித்தால் அம்மா குழாயடிப் பக்கம் வந்து நிற்கிறார்.