நியூயார்க் 14ஆவது தொகுதி: குரோலியா, ஒகாசியோ-கோர்டெஸா?

அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவைக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 2018 ஜூன் 26 அன்று நடந்த உட்கட்சித் தேர்தலில், நியூயார்க் நகரின் பிராங்க்ஸ், குயின்ஸ் பகுதிகள் அடங்கிய இத்தொகுதியின் வாக்காளர்கள் முன் நின்ற இருவரும் கொள்கையில் எதிரெதிர்த் துருவங்கள் அல்லர். அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்னும் மசோதாவை ஜோ குரோலியும் ஆதரித்திருந்தார். 1999 முதல் பிரதிநிதிகள் அவையில் இருந்து, அங்கே கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராக உயர்ந்திருந்த அவருடைய செல்வாக்கு, தொகுதிக்கு மெய்யான பலம்தான்.

ஆயினும், அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸை ஆதரிக்க வலுவான காரணம் பணம் வந்த வழியிலேயே இருந்தது என்று கருதுகிறேன். நிதி நிறுவனங்கள் உள்ளிட்ட பெருநிறுவனத் தரப்பின் நன்கொடையைக் குரோலி பெற்றார். ஒகாசியோ-கோர்டெஸோ பெருநிறுவனங்களின் தேர்தல் நிதிக்குழுக்கள் தரும் பணத்தை மறுத்து, சிறு நன்கொடைகளையும் வீடு வீடாகச் சென்ற தொண்டர்களையும் நம்பினார். வாடகைச் சுமையில் தவிக்கும் மக்களின் பிரதிநிதி யாருக்குக் கடமைப்பட்டவர் என்பது சிறிய கேள்வியன்று. குடியேற்றத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையானது: குடியேற்ற அமலாக்க முகமையைக் கலைக்க வேண்டும் என்றார் ஒகாசியோ-கோர்டெஸ், குரோலி அம்முகமையைக் கடுமையாக விமர்சித்தாலும் அவ்வளவு தூரம் செல்லவில்லை.

குரோலி 2004க்குப் பின் உட்கட்சிப் போட்டியையே சந்தித்திருக்கவில்லை. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான இங்கே நவம்பர் பொதுத்தேர்தல் பெரும்பாலும் சடங்கே என்பதால், வாக்காளருக்கு மெய்யான தெரிவு ஜூனில்தான் கிடைத்தது. சுமார் 57 விழுக்காட்டினர் ஒகாசியோ-கோர்டெஸைத் தேர்ந்தனர்.