குளூட்டன் இல்லாத பேக்கிங்: முதலில் எந்தப் பையை வாங்குவது?

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இருக்கும் புரதம். அமெரிக்கக் கடைகளில் பாப்ஸ் ரெட் மில் நிறுவனத்தின் குளூட்டன் இல்லாத மாவு இரண்டு பைகளில் கிடைக்கிறது. ஒன்றின் பெயர் 'ஒன் டு ஒன் பேக்கிங் ஃப்ளோர்', மற்றது 'ஆல் பர்ப்பஸ் பேக்கிங் ஃப்ளோர்'. முதலாவதை நீலப் பை என்றும் அடுத்ததைச் சிவப்புப் பை என்றும் சொல்வது வழக்கம். அலமாரியில் இரண்டும் அக்கம்பக்கத்திலேயே இருக்கும், பெயரும் கிட்டத்தட்ட ஒன்றே. மாற்றி எடுத்து வந்து, முதல் கேக்கே பொடிந்து உதிர, "இது நமக்குச் சரிவராது" என்று கைவிட்டுவிடுகிறவர்கள் உண்டு. சீலியாக் (குளூட்டன் சாப்பிட்டால் சிறுகுடல் கெடும் நோய்) உள்ள குழந்தைக்கு இப்போதுதான் பேக்கிங் தொடங்குகிறீர்கள் என்றால் ஒன் டு ஒன் வாங்குங்கள். பை நிறத்தை நம்பாமல் பெயரைப் படியுங்கள்.

காரணம் பையின் பின்பக்கத்திலேயே இருக்கிறது. ஒன் டு ஒன்னில் இருப்பவை ஒட்டரிசி மாவு, பழுப்பரிசி மாவு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச், சோள மாவு, மரவள்ளி ஸ்டார்ச், ஸாந்தன் கம். சோளம் என்பது இங்கே நம் வெள்ளைச் சோளம், மக்காச்சோளம் அல்ல. மைதாவில் குளூட்டன் செய்யும் பிடிமான வேலையை இதில் ஸாந்தன் கம் செய்கிறது. சிவப்புப் பையில் கொண்டைக்கடலை மாவு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச், மரவள்ளி ஸ்டார்ச், சோள மாவு, ஃபாவா பீன்ஸ் மாவு ஆகியவை உண்டு; ஸாந்தன் கம் கிடையாது. அதைத் தனியாக வாங்கி அளந்து சேர்க்க வேண்டும். சேர்க்காமல் மைதாவுக்குப் பதிலாக அப்படியே போட்டால் கேக் உதிராமல் வேறென்ன செய்யும்?

ஒட்டரிசியை ஆங்கிலத்தில் 'குளூட்டினஸ் ரைஸ்' என்பார்கள். அந்தச் சொல்லைப் பார்த்துப் பதற வேண்டாம். செட்டிநாட்டுக் கவுனி அரிசியில் இருக்கும் அதே பிசுபிசுப்புதான் அது. அதில் குளூட்டன் துளியும் இல்லை.

நீலப் பையில் முதலில் கவனிக்க வேண்டியது அளவு. கால் கப் 37 கிராம் என்று லேபிள் சொல்கிறது, அதாவது ஒரு கப் 148 கிராம். மைதா ஒரு கப் 120 முதல் 125 கிராம்தான். கப்பைப் பைக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 160 கிராமைத் தாண்டிவிடும். கேக் வறண்டு தொண்டையை அடைப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சமையல் தராசு ஒன்று வாங்குவது இந்த வேலைக்கு மிக்ஸரை விட முக்கியம். குறிப்பில் மைதாவின் எடை கொடுத்திருந்தால் அதே எடைக்கு இந்த மாவைப் போடுங்கள்.

8 அங்குல வட்டத் தட்டில் ஒரு வெனிலா கேக்குக்கு மாவு 200 கிராம், சர்க்கரை 180 கிராம், அறை வெப்பத்தில் இளகிய வெண்ணெய் 115 கிராம், பெரிய முட்டை 3, பால் 120 மில்லி, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, வெனிலா 2 தேக்கரண்டி. வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை அடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, பிறகு மாவையும் பாலையும் மாற்றி மாற்றிக் கலக்க வேண்டும். மைதா என்றால் அதிகம் கலக்காதே என்பார்கள். இங்கே அந்தப் பயம் வேண்டாம். இறுகிப்போகக் குளூட்டனே இல்லை. ஒரு நிமிடம் நன்றாக அடித்தால் ஸாந்தன் கம் சீராகப் பரவும். மாவு வடை மாவை விடத் தளர்வாகவும் இட்லி மாவை விடக் கெட்டியாகவும் இருந்தால் பதம் சரி.

அடுத்த படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கலந்த மாவைத் தட்டில் ஊற்றி 30 நிமிடம் அப்படியே வையுங்கள். அரிசி மாவின் குருணை தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். ஊறாமல் அடுப்பில் வைத்தால் வெந்த பிறகும் பல்லில் மணல் போல நெருடும். அமெரிக்கக் கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் பேக்கிங் பவுடர் சூட்டிலும் மறுபடி வேலை செய்வது என்பதால் இந்த அரை மணியில் உப்பல் போய்விடாது. 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 35 முதல் 40 நிமிடம் வேக வேண்டும். குச்சியைக் குத்திப் பார்ப்பது இந்த மாவில் ஏமாற்றும். தெர்மாமீட்டரை நடுவில் குத்தி 205 டிகிரி காட்டிய பிறகு எடுப்பதே சரி.

நடுவில் குழி விழுந்தால் வேக்காடு போதவில்லை, இல்லையென்றால் பால் கூடிவிட்டது. அடியில் களி போல ஒரு பட்டை தெரிந்தாலும் அதே சங்கதிதான்; அல்லது பையில் ஏற்கெனவே ஸாந்தன் கம் இருப்பது தெரியாமல் யாரோ இன்னொரு கரண்டி போட்டிருப்பார்கள். குக்கிகள் ஒன்றோடொன்று ஓடிக் கலந்தால் மாவு உருண்டைகளை ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துச் சுடுங்கள். உருகும் வெண்ணெயைப் பிடித்து நிறுத்தக் குளூட்டன் இல்லாததால் அது மைதா குக்கியை விட வேகமாகப் பரவுகிறது.

சிவப்புப் பை மோசமான மாவு அல்ல. பயறு மாவு இருப்பதால் புரதமும் நார்ச்சத்தும் அதில் கூடுதல். குக்கிக்குக் கப்புக்குக் கால் தேக்கரண்டி, கேக்குக்கு அரை தேக்கரண்டி ஸாந்தன் கம் சேர்த்தால் பிடிமானம் வந்துவிடும். ஆனால் பச்சை மாவில் வரும் கசப்பான பயறு வாசனை வெந்த பிறகும் கொஞ்சம் தங்கும். பஜ்ஜியில் நமக்குப் பழகிய வாசனைதான். வெனிலா கேக்கில் பிள்ளைகள் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார்கள். சாக்லேட், இஞ்சி, வாழைப்பழம் போட்ட பலகாரங்களில் தெரியாது. ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஜி6பிடி குறைபாடு (ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கு ஃபாவா பீன்ஸ் ஆபத்து, அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அந்த வீட்டுக்குச் சிவப்புப் பை வேண்டவே வேண்டாம்.

ரொட்டிக்கு நீலப் பை உதவாது. ஈஸ்ட் போடும் பலகாரங்களுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை என்று அந்த நிறுவனமே சொல்கிறது. ஸாந்தன் கம் கேக்கைத் தாங்கும், ஈஸ்ட் மணிக்கணக்கில் விடும் காற்றை அதனால் பிடித்து வைக்க முடியாது. அந்த வேலைக்கு உரியது நம் இசப்கோல். குஜராத்தின் உஞ்சா பக்கம் பதப்படுத்தி உலகமெங்கும் போகும் அதே உமிதான். இந்தியக் கடையில் வாங்கும்போது சர்க்கரையோ வாசனையோ சேர்க்காததைப் பாருங்கள். குளூட்டன் இல்லை என்ற குறிப்பும் இருக்க வேண்டும். 9 அங்குல ரொட்டித் தட்டுக்குச் சோள மாவு 120, பழுப்பரிசி மாவு 100, மரவள்ளி ஸ்டார்ச் 100, உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 80 கிராம், அதோடு ஈஸ்ட் 7, சர்க்கரை 15, உப்பு 8 கிராம். 24 கிராம் இசப்கோலை 460 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கினால் இரண்டு நிமிடத்தில் ஊறிய சப்ஜா விதை போலக் கொழகொழக்கும். அதையும் 30 கிராம் எண்ணெயையும் மாவில் விட்டுப் பிசைந்து, ஒரே ஒரு முறை பொங்கவிட்டு, 425 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 375-இல் 40 நிமிடம். உள்ளே 208 டிகிரி வர வேண்டும். முழுக்க ஆறும் வரை கத்தி வைக்காதீர்கள். சூட்டில் வெட்டினால் ஸ்டார்ச் இறுகாமல் ரொட்டி களியாகிவிடும். உமிக்குப் பதில் இசப்கோல் பொடி வாங்கினால் 18 கிராம் போதும். சில பொடிகள் ரொட்டியை ஊதா நிறமாக்கும். அது கெட்டுப்போன அடையாளம் அல்ல, தாராளமாகச் சாப்பிடலாம்.

விலை மைதாவைப் போலப் பல மடங்கு. இந்தியக் கடையில் மலிவாகக் கிடைக்கும் அரிசி மாவை வைத்து வீட்டிலேயே கலந்துகொள்ளலாமே என்று தோன்றும். கலக்கலாம், ஆனால் குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட்டாக இருந்தால் மட்டும். கோதுமை அரைக்கும் இடத்திலேயே அரைத்த அரிசி மாவு சீலியாக் குழந்தைக்கு அரிசி மாவே அல்ல. அமெரிக்காவில் குளூட்டன் இல்லை என்று போட ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். 2013-இல் வந்த விதி இது. இந்தியாவிலும் அதே 20 தான் வரம்பு. தினமும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் சாப்பிட்டாலே சிறுகுடலின் உட்சுவர் கெடுகிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். சாதாரண கோதுமை ரொட்டித் துண்டு ஒன்றில் சுமார் 2 கிராம் இருக்கிறது. விரல் நுனியில் ஒட்டும் துணுக்கே போதும் என்பதை இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கோதுமை இல்லை என்ற லேபிள் வேறு, குளூட்டன் இல்லை என்ற லேபிள் வேறு. பார்லி மால்ட் முதல் லேபிளோடு கடைக்கு வந்துவிடும்.

ஆகவே மாவு வாங்கிய கையோடு புதுச் சல்லடை, புது மரக்கரண்டி, புதுச் சப்பாத்திக்கட்டை வாங்குங்கள். மரத்தின் கீறலிலும் சல்லடைக் கண்ணிலும் ஒட்டிய மைதா கழுவினாலும் போகாது. டோஸ்டரும் தனியாக இருக்கட்டும். வெண்ணெய் டப்பாவும் ஜாம் பாட்டிலும் குழந்தைக்கென்று தனி. மைதா தூள் காற்றில் பறந்து மெல்லத்தான் அடங்கும் என்பதால் ஒரே நாளில் இரண்டு வகையும் சுட வேண்டாம். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். குழந்தைக்குப் பழகிய ரசத்தில் அது ஒளிந்திருப்பது பலருக்குத் தெரிவதில்லை. இன்னும் ரத்தப் பரிசோதனை முடியவில்லை என்றால் மட்டும் இந்த மாற்றம் எதையும் தொடங்காதீர்கள். குளூட்டனை நிறுத்திய பிறகு எடுத்த பரிசோதனை நோயைக் காட்டாமல் போகலாம்.

நீலப் பையில் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். அமெரிக்கக் கடைகளின் மைதாவில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்த்திருப்பார்கள். இதன் சேர்மானப் பட்டியலில் அவை இல்லை. சீலியாக் குழந்தைகளுக்கு ஏற்கெனவே இரும்பு குறைவாக இருப்பது சகஜம் என்பதால் உணவியல் நிபுணரிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

பை திறந்ததும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் பழுப்பரிசி மாவின் எண்ணெய் சிக்கு வாடை அடிக்காது. எடுத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகே அளக்க வேண்டும். அதே கேக் மாவில் 12 கப் கேக் வரும். 20 முதல் 22 நிமிடத்தில் வெந்துவிடும். க்ரீம் தடவாமல் ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் போட்டால் இரண்டு மாதம் தாங்கும். வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் காலையில் ஒன்றை எடுத்து க்ரீம் வைத்துக் கொடுத்தனுப்பலாம். பதினொரு மணிக்குள் பதமாகிவிடும்.